இடிப்பதா, எடுத்து நிறுத்துவதா?

ஒரு நகரத்தின் நடுவிலே பழைய கட்டடம் ஒன்று நிற்கின்றது. அதற்கு வயது நூறுக்கு மேல். சுவரிலே வெடிப்பு ஓடியிருக்கின்றது. முகட்டிலே அரசங்கன்று முளைத்திருக்கின்றது. மழை பெய்தால் மேல்மாடி ஒழுகுகின்றது. அதன் நிழலிலே நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடந்து செல்கின்றனர். "என்றைக்கோ ஒரு நாள் இது யார் தலையிலோ விழப்போகின்றது; இடித்துத் தள்ளுங்கள்" என்கின்றார் ஒருவர். "இது நம் நகரத்தின் முகம், இதை அழித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு எதைக் காட்டப்போகின்றீர்கள்?" என்கின்றார் மற்றொருவர். இருவரும் நகரத்தின்பால் அன்புடையவர்களே. ஆயினும் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சினங்கொள்ளுகின்றனர். நியாயம் யார் பக்கம்? இந்த வழக்கைத்தான் இன்று உங்கள் முன்னே வைக்க விரும்புகின்றேன்.

பொதுப்படப் பேசினால் பேச்சுக் காற்றோடு போய்விடும். ஆகவே உண்மையில் நடந்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

சென்னையிலே அண்ணா சாலை என்று இன்று வழங்கும் பெருவீதிக்கு முன்னாளிலே மவுண்ட் ரோடு என்று பெயர். அந்த வீதியிலே, ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலைக்கு அண்மையிலே, கூர்ங்கோபுரங்களும் குவிமாடங்களும் வளைவுகளும் நிறைந்த செந்நிறக் கட்டடம் ஒன்று எழுந்தது. ஆண்டு 1897. எழுப்பியவர் ஸ்மித் என்னும் ஆங்கில மருந்து வணிகர். கார்டில் கட்டடம் என்று அதற்குப் பெயரிட்டார். மருந்துக் கடை ஒன்றுக்கு அரண்மனை போன்ற மாளிகையா என்று நாம் வியக்கலாம். அக்காலத்து வணிகர், தம் கடையின் முகப்பே தம் நாணயத்துக்குச் சாட்சி என்று எண்ணினர். மேல்நாட்டுக் கோவிற் கட்டடக் கலையும், முகலாயர் கலையும், இந்நாட்டுக் கொத்தர் கைத்திறனும் ஒன்றாய்க் கலந்த அந்தப் பாணியை இந்தோ-சரசனிக் பாணி என்பர். சென்னை உயர் நீதிமன்றமும் எழும்பூர்ப் புகையிரத நிலையமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

1934ஆம் ஆண்டிலே இக்கட்டடம் பாரத் காப்புறுதிக் கம்பனியின் கைக்கு மாறியது. அன்று முதல் மக்கள் வாயிலே அது பாரத் கட்டடம் ஆயிற்று. 1956இல் இந்தியாவிலே ஆயுட் காப்புறுதித் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, கட்டடமும் ஆயுள் காப்புறுதிக் கழகத்துக்கு உரியதாயிற்று. அந்தக் கழகம் 1959இல் அதே மவுண்ட் ரோட்டிலே பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பித் திறந்து வைத்தது. அந்நாளிலே அதனைப் பார்ப்பதற்கென்றே ஊர்ப்புறங்களிலிருந்து மக்கள் வந்தனர். புதிய மாளிகை வான்நோக்கி வளர, அதே உடைமையாளரின் பழைய மாளிகை மெல்லமெல்லத் தளர்ந்தது.

2006இல் இடிப்பு வேலை தொடங்கியது. குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர், கோபுரங்களிற் சில உருவிழந்தன. உடைமையாளர் கூறிய காரணம் சுருக்கமானது: கட்டடம் சிதைந்துவிட்டது, உள்ளே இருப்போருக்கும் வீதியிலே போவோருக்கும் ஆபத்து. கலைக்கும் பண்பாட்டு மரபுரிமைக்குமான இந்தியத் தேசிய அறக்கட்டளை, இன்டாக் என்று சுருக்கமாக வழங்கப்படுவது, உயர் நீதிமன்றத்தின் படியேறியது. இடிப்புக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2010 ஏப்ரிலிலே தீர்ப்பு வந்தது: கட்டடத்தை இடித்தல் கூடாது.

இந்தத் தீர்ப்பு எதனை ஊன்றுகோலாகக் கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. சென்னை நகரிலே பெரிய விளம்பரப் பலகைகளை ஒழுங்குபடுத்தும் பொருட்டு நீதிபதி பத்மநாபன் தலைமையிலே குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. விளம்பரப் பலகைகள் மறைக்கக்கூடாத பழங்கட்டடங்கள் எவை என்று அது ஒரு பட்டியல் வகுத்தது. 467 கட்டடங்களின் பெயர் அதிலே உண்டு. முகத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதிய பட்டியல், உயிரைக் காக்கும் பட்டியலாயிற்று! மரபுரிமைக்கென்று முறையான தனிச்சட்டம் இல்லாத நகரத்திலே, வேறொரு காரியத்துக்காக எழுதிய தாள் ஒன்று ஒரு மாளிகையின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தது. இதனை எண்ணி மகிழவும் செய்யலாம், அஞ்சவும் செய்யலாம். அப்படி ஒரு தாள் வாய்க்காத கட்டடங்களின் கதி என்ன?

இனி, இடிக்கச் சொன்னவரின் பக்கத்தையும் நாம் நேர்மையோடு கேட்கவேண்டும். பழமையை நேசிப்போரிற் பலர் இங்கேதான் தவறுகின்றனர். "ஆபத்து" என்னும் சொல்லைக் கேட்டதும், அது வெறுஞ் சாட்டு என்று தள்ளிவிடுகின்றனர். அது எப்போதும் சாட்டு அன்று.

இத்தாலி நாட்டிலே பாவியா என்னும் ஊரின் நடுவிலே ஒரு கோபுரம் இருந்தது. தொள்ளாயிரம் ஆண்டு நின்ற கோபுரம். 1989 மார்ச் 17ஆம் நாட் காலையிலே அது திடீரெனச் சரிந்து வீழ்ந்தது. நான்கு பேர் மாண்டனர். இத்தனை ஆண்டு நின்றது இன்னும் நிற்கும் என்ற நம்பிக்கை அந்த நால்வரையும் காக்கவில்லை. பழமையின் பெயரால் ஓர் உயிரையேனும் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை. இதனை முதலிலே ஒப்புக்கொண்டு விட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

ஆனால் அதே இத்தாலியிலே வேறு இரண்டு கோபுரங்களின் கதையும் உண்டு. வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு சதுக்கத்து மணிக்கூண்டு 1902 யூலை 14ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. வீழ்வதற்கு முன்பே சுவரிலே வெடிப்புப் பெருகுவதைக் கண்டு சதுக்கத்திலிருந்து மக்களை அகற்றிவிட்டனர். அதனால் மனித உயிர் ஒன்றேனும் போகவில்லை. "இருந்த இடத்திலே, இருந்தபடியே" என்று முடிவு செய்து, 1912இல் அதனைத் திரும்பவும் எழுப்பினர். மற்றையது பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரம். பாவியாவிலே நேர்ந்த கேட்டைக் கண்டு, 1990இன் தொடக்கத்திலேயே அதன் வாயிலை அடைத்தனர். பொறியியலாளர் பல ஆண்டு ஆராய்ந்தனர். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலே, அத்திவாரத்தின் கீழிருந்து மண்ணைச் சிறுகச் சிறுக எடுத்தனர். கோபுரத்தின் தலை ஏறக்குறைய நாற்பது சென்ரிமீற்றர் நிமிர்ந்தது. 2001 திசெம்பரிலே வாயில் திரும்பவும் திறந்தது.

இந்த மூன்று கோபுரங்களும் நமக்குச் சொல்லும் பாடம் யாது? ஆபத்து என்று கண்டால் செய்ய வேண்டிய முதற் காரியம் மக்களை அகற்றுவது, இரண்டாவது, முட்டுக் கொடுப்பது, மூன்றாவது, ஆராய்வது. இடிப்பதா காப்பதா என்ற முடிவு நான்காவதாக வருவது. நம் நகரங்களிலோ முதலிலிருந்து நான்காவதுக்கு ஒரே தாவலாகத் தாவிவிடுகின்றோம். "ஆபத்து, ஆகவே வெளியேறுங்கள்" என்பது ஒரு கூற்று. "ஆபத்து, ஆகவே இடியுங்கள்" என்பது வேறொரு கூற்று. முன்னது கருணை. பின்னதற்குச் சான்று வேண்டும்.

இவ்விடத்திலே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

யாழ்ப்பாணத்திலே எங்கள் அப்புவின் வீடு ஒரு நாற்சார் வீடு. நடுவே முற்றம்; நாலு பக்கமும் தாழ்வாரம்; பனஞ்சலாகை போட்ட ஓட்டுக் கூரை; முழக்கணக்கிலே தடித்த சுண்ணாம்புச் சுவர். அப்பு காலஞ்சென்ற பின்பு, வடமேற்கு மூலையிலே சுவர் வெடித்தது. சலாகை இரண்டு உளுத்து இறங்கின. வீட்டைப் பார்த்தவர்கள், "இது இனி நில்லாது, பிள்ளைகள் திரிகின்ற இடம், இடித்துவிட்டுச் சிறிதாக ஒரு கல்வீடு கட்டுங்கள்" என்றனர். எங்கள் பெரியவர்களும் உடன்பட்டனர். நானும் அப்பொழுது இளைஞன். புது வீட்டு ஆசை எனக்கும் இருந்தது. ஆகவே இதிலே பழி பிறர்மேல் அன்று.

நாலு பேர் அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு வந்தனர். இரண்டு நாளிலே முடித்துத் தருவதாகப் பேச்சு. வெடித்த மூலை அரை நாளிலே விழுந்தது. மற்றைய மூன்று பக்கமும்? அலவாங்கு பட்டுத் தெறித்தது. சுண்ணாம்பும் கல்லும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி இறுகியிருந்தன. இரண்டு நாள் என்ற வேலை பதினொரு நாள் சென்றது. கடைசி நாளிலே முதிய மேசன் ஒருவர் என்னை அழைத்துச் சென்று அந்த மூலையைக் காட்டினார். கூரைப் பீலி அங்கே அறுந்திருந்தது. பல மாரி காலமாக மழைநீர் முழுவதும் அந்த ஒரே மூலையிலே இறங்கி, சாந்தைக் கரைத்து, கறையானை அழைத்திருக்கின்றது. "தம்பி, வீட்டிலே பிழையில்லை, பீலியிலேதான் பிழை" என்றார் அவர். ஒரு பீலியின் விலைக்கு ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டோம்! இன்றைக்கும் மழை இரைந்து பெய்யும்போது அந்தச் சொல் என் செவியிலே கேட்கின்றது.

அந்த மேசன் சொன்னதைத்தான் பொறியியலாளரும் வேறு சொற்களிலே சொல்லுகின்றனர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தினாலே கட்டப்பட்டவை. சுண்ணாம்பு மூச்சுவிடும் பொருள். சுவருக்குள்ளே புகுந்த ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேலே நல்லெண்ணத்தோடு சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படுகின்றது. செங்கல் உள்ளிருந்தே நைகின்றது. மேல்தளத்திலே நீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, மர உத்திரத்தின் சுவருக்குள் அமைந்த தலை உளுக்கின்றது. உத்திரம் இரும்பானால் துருவேறுகின்றது. துரு ஏற ஏற இரும்பு பருத்துத் தன்னைச் சூழ்ந்த கட்டைப் பிளக்கின்றது. காகம் போட்ட எச்சத்திலே ஓர் ஆலம்விதை. அது வெடிப்புக்குள்ளே வேர்விட்டுச் சுவரைப் பிரிக்கின்றது. இவை யாவும் ஒரே நாளிலே நிகழ்வன அல்ல. ஒவ்வொன்றும் தொடங்கும்போது, ஓர் ஏணியும் ஒரு வேலையாளும் அரை நாட் கூலியும் போதும். இருபது ஆண்டு கழிந்தால் இலட்சங்களும் போதா.

ஆகவே ஒரு பழைய கட்டடம் ஆபத்தானது என்று கேள்விப்பட்டால், நான் மூன்று கேள்விகள் கேட்பதை வழக்கமாகக் கொண்டிருக்கின்றேன்.

முதலாவது: ஆபத்து என்று சொன்னவர் யார்? நிலத்தை விற்க இருப்பவரா, வாங்க இருப்பவரா, இரண்டும் அல்லாத ஒருவரா? சொன்னவர் பழைய சுண்ணாம்புக் கட்டினைப் படித்தவரா? கொங்கிறீற்றுக் கட்டடம் மட்டுமே பழகிய கண்ணுக்குப் பழைய சுவர் யாவும் நோயாளியாகவே தோன்றும். வெடிப்பின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்துப் பதித்து, திகதி எழுதிவைப்பது பழைய முறை. வெடிப்பு நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடையவில்லையானால் அது எப்பொழுதோ ஏற்பட்டு ஆறிப்போன தழும்பு. இந்தச் சிறு சோதனையேனும் செய்யாமல் ஒரு கட்டடத்துக்கு மரண தண்டனை எழுதுவது முறையாகுமா?

இரண்டாவது: ஆபத்து எவ்விதம் வந்தது? போரினாலோ, நில நடுக்கத்தினாலோ, வெள்ளத்தினாலோ வந்ததென்றால் அது ஊழ் எனலாம். பீலியைப் பாராமல் விட்டதால் வந்ததென்றால்? கூரையைத் திறந்து போட்டு, கதவு சன்னல்களை எடுத்துச் செல்லவிட்டு, மழையைக் கூலியில்லா வேலையாளாக வைத்து இடிப்பித்தவர், பின்பு வந்து "பாருங்கள், ஆபத்து" என்று கூறினால், தாம் விதைத்ததைத் தாமே காரணமாகக் காட்டுகின்றார் அன்றோ? அத்தகைய காரணத்துக்கு ஊர் செவிசாய்க்கலாகாது. சாய்த்தால் அடுத்த கட்டடத்தின் உடைமையாளரும் அதே வழியைக் கற்றுக்கொள்வார்.

மூன்றாவது: இடித்த பின்பு அங்கே எழப்போவது என்ன? ஓர் ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா? அல்லது வாகனம் நிறுத்தும் வெற்றுநிலமா? இழப்பதையும் பெறுவதையும் ஒரே தராசிலே வைத்துப் பார்ப்பது வணிகருக்கும் உகந்த முறைதானே.

இந்த மூன்று கேள்விகளுக்கும் நேர்மையான விடை கிடைத்து, அதன் பின்பும் "இடிக்கத்தான் வேண்டும்" என்று வந்தால், நான் தடுக்கமாட்டேன். அளந்து, படமெடுத்து, வரைந்து, நல்ல தூண்களையும் கதவுகளையும் பத்திரப்படுத்திவிட்டு, மரியாதையோடு இறக்கிவிடலாம். கட்டடத்துக்கும் நல்ல சாவு ஒன்று உண்டு.

நேயர்களே, பாரத் கட்டடத்தின் கதையை நான் பாதியிலே விட்டேன். 2010இலே தீர்ப்பு வந்தது என்றேன். காப்பாற்றப்பட்டதென்று நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் தீர்ப்புக்குப் பின்பும் ஆண்டுகள் பல அது பாழடைந்தே கிடந்தது. நீதிமன்றம் அலவாங்கைத் தடுக்கலாம். மழையைத் தடுக்க அதனால் இயலாது. இடியாதே என்று சொல்ல ஒரு தாள் போதும். வாழவை என்பதற்குப் பணமும் தொழில் அறிந்த கைகளும், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இடத்துக்கு ஒரு பயனும் வேண்டும். வெறுமனே பூட்டிவைத்த வீட்டைக் காப்பவர் எவருமில்லை. நாலு பேர் வந்துபோகும் வீட்டிலே ஒழுக்கு விழுந்தால், அன்றைக்கே ஒருவர் ஏணி வைப்பார்.

அவ்வாறு பயன் கண்டு பிழைத்த கட்டடங்களும் உண்டு. சென்னைச் சேப்பாக்கத்திலே ஆர்க்காட்டு நவாபின் கலச மகால் 1768ஐச் சேர்ந்தது. 2012 சனவரியிலே தீப்பற்றியது. தீயணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை வீழ்ந்து, சுவர்கள் கருகி நின்றன. இடிப்பதற்கு அதைவிடச் சிறந்த காரணம் வேறு வேண்டுமா? ஆயினும் அரசின் பொதுப்பணித் துறையினரே சுண்ணாம்பரைத்து, பழைய முறை அறிந்த கொத்தரை அழைத்து, அதனை மீட்டனர். பின்பு அது நீதி வழங்கும் மன்றம் ஒன்றுக்கு இருப்பிடமாயிற்று. நம் கொழும்புக் கோட்டையிலே ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொலிசு நிலையமாகவும் இருந்து, குண்டு வெடிப்பிலே பழுதும் பட்ட அதனைச் செப்பனிட்டு, 2011இலே கடைகளும் உணவுச்சாலைகளுமாகத் திறந்தனர். நோயாளர் கிடந்த தாழ்வாரத்திலே இன்று மாலை வேளைகளில் மக்கள் கூடியிருந்து உரையாடுகின்றனர். சிலருக்கு அது பிடிக்காமலிருக்கலாம். எனக்குப் பிடித்திருக்கின்றது, ஏனெனில் அந்த ஓட்டுக் கூரையின் கீழ் ஒழுக்கு இல்லை.

நம் நாட்டிலே 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளை ஓர் எல்லைக்கோடாக வகுத்திருக்கின்றது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்ற நாள் அது. அதற்கு முந்திய சின்னங்களுக்கு அச்சட்டம் அரணாக நிற்கின்றது. பின்னெழுந்தவற்றைத் தனியே தெரிந்து அறிவித்தல் வேண்டும். நம் பெரியகடை வீதிகளிலும் துறைமுகத் தெருக்களிலும் நிற்கின்ற வணிக மாளிகைகள், பழைய பள்ளிக்கூடங்கள், மடங்கள் ஆகியவற்றிற் பெரும்பாலானவை இந்தக் கோட்டுக்கு இப்பாலே பிறந்தவை. ஆகவே அவற்றுக்கு அரண் சட்டமன்று. ஊராரின் கண்ணே அரண்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வந்த நரசிம்மன் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த வடிவிலே எழுந்து, 1959 ஒக்டோபரிலே திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31ஆம் நாள் இரவிலே எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. கருகி நின்ற சுவர்களை அப்படியே விட்டு, அழிவின் சாட்சியாக வைத்து, வேறிடத்திலே புது நூலகம் கட்டுதல் வேண்டும் என்றனர் சிலர். முன்னிருந்த வடிவிலேயே அதனை எழுப்புதல் வேண்டும் என்றனர் வேறு சிலர். இரு சாராருக்கும் நெஞ்சிலே இருந்தது ஒரே வலிதான். இறுதியிலே பழைய வடிவிலே வெண்ணிறமாய் அது மீண்டும் எழுந்து நிற்கின்றது. சாட்சியை மறைத்துவிட்டோமா, அல்லது வீழ்ந்ததை எழுப்பினோமா என்ற கேள்வி இன்னும் சிலருக்குத் தீரவில்லை. ஆனால் அதன் படிகளிலே பிள்ளைகள் புத்தகத்தோடு ஏறுவதைக் காணும்போது, என் மனம் ஒரு பக்கமே சாய்கின்றது.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய கட்டடம் இருக்கும். அதைப்பற்றி நீங்கள் நீதிமன்றம் செல்லவேண்டாம். கூட்டம் கூட்டவும் வேண்டாம். அடுத்த மாரி மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒருமுறை நடந்து செல்லுங்கள். தண்ணீர் எந்த மூலையிலே இறங்குகின்றது என்று பாருங்கள். பார்த்துவிட்டு, அதற்குப் பொறுப்பானவரிடம் போய், "ஐயா, உங்கள் பீலி அறுந்திருக்கின்றது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு வார்த்தையைக் காலத்திலே சொல்வாரில்லாமற் போயிற்று.